முழங்கால் சில்லு உடைந்த அம்மாவுக்கு அறுவை சிகிச்சை செய்துதான் ஆகணுமா?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 61 வயது. ஈரச்சந்தையில் வழுக்கி, வலது முழங்கால் நேராகத் தரையில் மோதும்படி விழுந்துவிட்டார். எக்ஸ்ரேயில் சில்லு குறுக்கே இரண்டாக உடைந்து, துண்டுகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி தெரிகிறது. நீரிழிவும் உண்டு. நாளை மறுநாள் கம்பி போட்டுக் கட்டலாம் என்கிறார்கள். ஊரிலிருந்து பெரியம்மா தொலைபேசியில், "கத்தி வைக்க விடாதே, புத்தூர் கட்டு கட்டினால் சரியாகிவிடும்" என்கிறார். அறுவை தேவையா, எப்போது நடப்பார், பழையபடி தரையில் சம்மணம் போட்டு உட்காருவாரா, அந்தக் கம்பியைப் பிறகு எடுக்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அறுவை மருத்துவர் இல்லை. சிங்கப்பூர் மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். சில்லில் கம்பி போட்டவர்கள் பெரும்பாலும் மறுநாள் காலையிலேயே எங்கள் கைக்கு வந்துவிடுவார்கள், அப்புறம் மாதக்கணக்கில் எங்களோடுதான் இருப்பார்கள். அதனால் அறுவையைச் சுருக்கமாகவும் அதற்குப் பிறகு நடப்பதை விரிவாகவும் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கிறபடிதான் எக்ஸ்ரே இருக்கிறது என்றால், அறுவை செய்துகொள்வதே சரி. பெரியம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த எலும்பின் வேலை கை, கால் நீள எலும்புகளின் வேலையைப் போன்றதல்ல. சில்லு ஒரு கப்பி. தொடையின் முன்பக்கத் தசை கீழே இறங்கி ஒரு தசைநாராகச் சில்லின் மேல் விளிம்பைப் பிடித்திருக்கிறது. சில்லின் கீழ் முனையிலிருந்து இன்னொரு நார் இறங்கிக் கணைக்கால் எலும்பின் முன்பக்க மேட்டில் பதிகிறது. கிணற்றில் கப்பி இல்லாமல் வாளியை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சில்லு நாரை மூட்டிலிருந்து முன்னே தள்ளி வைத்திருப்பதால்தான் தொடைத் தசைக்குக் காலை நீட்டும் நெம்புவலிமை கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் அந்த வலிமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

சில்லு குறுக்கே உடைந்தால், மேல் துண்டைத் தொடைத் தசை மேலே இழுத்துக்கொண்டு போகும், கீழ்த் துண்டு கீழேயே நிற்கும். உங்கள் அம்மாவின் எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு சென்டிமீட்டர் அந்த இழுப்பினால் வந்தது. பச்சிலைக் கட்டோ, மாவுக்கட்டோ, வெளியிலிருந்து சுற்றும் எதுவும் இந்த இழுப்பைத் தடுக்காது. இரண்டு துண்டும் பிரிந்தே நின்று, நடுவில் நார்த்திசு மட்டும் வளர்ந்தால், அம்மாவால் காலை முழுதாக நீட்ட முடியாது. நடக்கும்போது முழங்கால் திடீரென்று மடங்கும். படி ஏறுவது கனவாகிவிடும். இப்படிக் கட்டுப் போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் தொடைத் தசை சுருங்கிவிட்டதால், புதிய முறிவில் எளிதாக முடிந்திருக்க வேண்டிய அறுவை அவருக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

எல்லாச் சில்லு முறிவுக்கும் அறுவை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர்கள் பார்ப்பது முக்கியமாக மூன்று விஷயங்கள். துண்டுகளுக்கு இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறதா, மூட்டின் உள்பக்க வழவழப்பான பரப்பில் 2 மில்லிமீட்டருக்கு மேல் படி விழுந்திருக்கிறதா, மல்லாந்து படுத்தபடி காலை மடக்காமல் நேராகத் தூக்க முடிகிறதா. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த சோதனை, கருவி எதுவும் வேண்டாம். மூட்டில் தேங்கிய இரத்தத்தை ஊசியால் எடுத்து, மரத்துப்போகும் மருந்து செலுத்திய பிறகும் காலைத் தூக்க முடியாவிட்டால் கப்பி அறுந்துவிட்டது என்று பொருள். எலும்பில் கீறல் மட்டும் விழுந்து, காலையும் தூக்க முடிந்தவர்களுக்கு நாலு முதல் ஆறு வாரம் காலை நீட்டிய நிலையில் பிரேஸ் (முழங்காலை மடங்காமல் பிடிக்கும் பட்டைச் சட்டம்) போட்டால் போதும், பெரும்பாலும் அந்தக் காலை ஊன்றி நடக்கவும் விடுவார்கள். சிலருக்குப் பிறவியிலேயே சில்லின் வெளிப்பக்க மேல் மூலை தனித் துண்டாக இருக்கும். அதை முறிவு என்று நினைத்துப் பயந்து வந்தவர்களும் உண்டு.

உடைந்த எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலோ, அங்கே ஆழமான காயம் இருந்தாலோதான் அன்றைக்கே அவசரம். மற்றபடி சில நாள் காத்திருப்பதால் கெடுதல் இல்லை. வீக்கம் வடியவும், தோல் சிராய்ப்பு ஆறவும், சர்க்கரை கட்டுக்குள் வரவும் அந்த நாட்கள் உதவும். ஆகவே "உடனே ஏன் செய்யவில்லை" என்று வார்டில் சண்டை போட வேண்டாம்.

இனி அந்தக் கம்பி. குறுக்கே உடைந்த சில்லுக்கு நெடுங்காலமாகச் செய்துவரும் முறைக்கு இழுவிசைக் கம்பிக் கட்டு என்று பெயர் சொல்லலாம். முழங்காலின் முன்பக்கம் நெடுக்காகக் கீறி, இரண்டு துண்டையும் பொருத்தி, மேலிருந்து கீழாக இரண்டு நேர் கம்பிகளைச் செலுத்துவார்கள். அந்தக் கம்பிகளின் முனைகளைச் சுற்றி, சில்லின் முன்பக்கத்தில் 8 போல ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை வளைத்து முறுக்குவார்கள். இதில் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. முழங்கால் மடங்கும்போது சில்லின் முன்பக்கம் பிளக்கப் பார்க்கும். அங்கே கம்பி இறுக்கிப் பிடித்திருப்பதால், அதே விசை பின்பக்கத்தில், அதாவது மூட்டுப் பரப்பில், துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்தும். ஜெர்மன் மருத்துவர் பாவெல்ஸ் பொறியியலிலிருந்து எலும்பு மருத்துவத்துக்குக் கொண்டுவந்த யோசனை இது. அதனால்தான் கம்பி போட்டவர்களை வாரக்கணக்கில் அசையாமல் கிடத்தாமல், அளவோடு மடக்கச் சொல்கிறோம்.

நேர் கம்பிக்குப் பதிலாக உள்ளே துளையுள்ள திருகாணிகளைச் செலுத்தி, அவற்றின் வழியாகக் கம்பியைக் கோப்பதும் உண்டு. பல துண்டாக நொறுங்கியிருந்தால் சிறிய தகடு வைப்பார்கள். அதற்கு முன் துண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அறிய சிடி ஸ்கேன் எடுக்கக்கூடும். கீழ் முனை மட்டும் பொடியாகிவிட்டால் அந்தப் பொடியை நீக்கிவிட்டு, நாரை மீதியுள்ள எலும்பில் தைத்துவிடுவார்கள். சில்லு முழுவதையும் எடுத்துவிடுவது இப்போது அரிது. எதுவுமே ஒட்டவைக்க முடியாதபடி போனால்தான் அந்த வேலை. எந்த முறை என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். ஆனால் அறுவை முடிந்ததும் ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: "மேசையில் எத்தனை டிகிரி வரை மடக்கிப் பார்த்தீர்கள், பொருத்தியது அசையாமல் நின்றதா?" எங்கள் முதல் ஆறு வாரக் கணக்கு முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது.

முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கத்திலோ செய்வார்கள். சிக்கல் இல்லாவிட்டால் சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். நீரிழிவு இருப்பதால் சர்க்கரை அளவை இப்போதிருந்தே கவனியுங்கள். அது ஏறியே இருந்தால் புண்ணில் கிருமி பிடிக்கும் வாய்ப்பும் கூடும், எலும்பு ஒட்டுவதும் தாமதமாகும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றாலோ, நாட்டு மருந்து, சூரணம் ஏதாவது எடுக்கிறார் என்றாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அம்மாக்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் சொல்லணும்.

இப்போது என் பகுதிக்கு வருகிறேன்.

மறுநாள் காலையிலேயே எழுப்பி நிற்க வைப்போம். அம்மா நம்ப மாட்டார். பிரேஸைக் காலை நீட்டிய நிலையில் பூட்டி, வாக்கரைப் பிடித்து, அறுவை செய்த காலையும் ஊன்றச் சொல்வோம். கால் நேராக இருக்கும்போது சில்லின்மேல் விழும் சுமை மிகக் குறைவு என்பதால், மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை இதில் பயமில்லை. சுமை எப்போது ஏறும் என்றால் மடக்கியபடி எடையைத் தாங்கும்போது. படி ஏறி இறங்கினால் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல், முழுக் குந்தலில் ஏழெட்டு மடங்கு என்று அளந்திருக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவர் குந்தினால் சில்லுக்குப் பின்னால் 400 கிலோவுக்கும் மேல்! முதல் சில மாதம் குந்தவும் மண்டியிடவும் நாங்கள் விடாததற்குக் காரணம் இதுதான்.

முதல் இரண்டு வாரத்தில் எதிரி வலி என்று எல்லாரும் நினைப்பார்கள். என் கணக்கில் வீக்கம்தான் பெரிய எதிரி. மூட்டில் நீர் கோத்திருக்கும்வரை தொடைத் தசைக்கு மூளையிலிருந்து கட்டளை சரியாகப் போகாது, தசை தூங்கிவிடும். சில வாரத்தில் தொடை கண்ணுக்குத் தெரிய மெலிந்துபோவதைப் பார்த்துப் பலர் அதிர்ச்சி அடைவார்கள். அதனால் ஐஸ், காலை உயர்த்தி வைப்பது, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தொடையை இறுக்கி ஐந்து எண்ணிவிட்டு விடுவது, இவையெல்லாம் நாள் முழுக்க நடக்கணும். தொடையை இறுக்குவது பார்க்க ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். "இதுக்கா பிசியோ?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அந்த ஒன்றுமில்லாத பயிற்சியை ஒழுங்காகச் செய்தவர்கள்தான் பிறகு வேகமாக நடந்தார்கள். காலை நேராகத் தூக்கும் பயிற்சியை மட்டும் மருத்துவரோ பிசியோவோ சரி என்று சொன்ன பிறகே தொடங்கணும், அது கம்பியை நேரடியாக இழுக்கும்.

வீட்டில் நடக்கும் தவறுகளில் நான் அதிகம் பார்ப்பது முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. அன்பால் செய்வதுதான், வலியும் அப்போதைக்குக் குறையும். ஆனால் முழங்கால் சற்றே மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். கடைசிப் பத்து டிகிரி நீட்டல் போய்விட்டால் நடையில் நொண்டல் நிரந்தரமாகத் தங்கும். துண்டை உருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் தானாகக் கீழே இறங்கி நேராகும். இன்னொன்று தைலம். தையல் ஆறும்வரை அந்த இடத்தில் எந்த எண்ணெயும் வேண்டாம், முழங்காலை அழுத்திப் பிடித்துவிடவும் வேண்டாம். ஆட்டுக்கால் சூப் பற்றிக் கட்டாயம் யாராவது சொல்வார்கள். தாராளமாகக் குடிக்கட்டும், ருசிக்குக் குறைவில்லை. எலும்பு ஒட்டுவதற்கு வேண்டியது மொத்தத்தில் போதிய புரதம், கால்சியம், வைட்டமின் டி. அதற்கு முட்டை, மீன், பருப்பு, தயிர் எதுவானாலும் சரி.

தையல் ஏறக்குறைய இரண்டாவது வாரத்தில் பிரிப்பார்கள். மடக்குவதைப் படிப்படியாகக் கூட்டுவோம். பொருத்தியது உறுதியாக இருந்தால் முதலில் 30 டிகிரி, பிறகு 60, ஆறாவது வார வாக்கில் 90 என்று பிரேஸின் பூட்டைத் திறந்துகொண்டே போவது ஒரு பழக்கமான வழி. உங்கள் மருத்துவர் இதைவிட வேகமாகவோ மெதுவாகவோ போகலாம். எலும்பு மெலிந்தவர்களுக்கும், சில்லு நொறுங்கியவர்களுக்கும் மெதுவாகத்தான் போகணும். உட்கார்ந்தபடி குதிகாலைத் தன்பக்கம் இழுத்து மடக்குவது நல்லது. நீட்டுவதற்கு மற்றக் காலால் தாங்கிக்கொள்ளலாம்.

நம் ஊர் வெயிலில் அந்த நீளமான பிரேஸ் ஒரு தனித் தண்டனை. உள்ளே மெல்லிய பருத்திக் காலுறை போடுங்கள், இரண்டு மூன்று வைத்துக்கொண்டு மாற்றுங்கள். வியர்வை ஊறிப் புண் ஈரமாவதை நீரிழிவுக்காரர்களிடம் நான் அலட்சியமாக விடுவதில்லை.

படிக்கட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். புளோக்கில் மின்தூக்கி இருந்தாலும் வீட்டுக்குள்ளேயே ஒரு படி ஒளிந்திருக்கும், பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் குளியலறை வாசல் மேடு. அம்மா திரும்பி வரும் முன் அங்கே கைப்பிடி போட்டுவிடுங்கள், ஈரத்தில் வழுக்காத பாய் விரியுங்கள், குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். வீவகவின் 'ஈஸ்' திட்டத்தில் கைப்பிடி, சறுக்காத தரை ஆகியவற்றுக்குப் பெரும்பகுதிச் செலவை அரசாங்கமே ஏற்கிறது. 65 வயதானவர்களுக்கானது என்றாலும், 60 முதல் 64 வயதுக்குள் அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்படுபவர்களும் விண்ணப்பிக்கலாம்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கத் தயங்குபவர்களை எனக்குத் தெரியும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி உண்டு. அம்மாவின் மெடிசேவில், அதாவது மருத்துவச் சேமிப்புக் கணக்கில், போதாவிட்டால் உங்கள் மெடிசேவிலிருந்தும் பெற்றோருக்காகக் கட்டலாம். அரசாங்க மருத்துவமனைகளில் பி2, சி வகுப்பு வார்டுகளுக்கு மானியம் உண்டு. அதற்கும் மேல் நெருக்கடி என்றால் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கணும் என்று வார்டிலேயே கேளுங்கள். வேலையிடத்தில் விழுந்து சில்லு உடைந்த தம்பிகள் யாராவது இதைப் படித்தால், உங்களுடையது வேறு கணக்கு. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புச் சம்பளம் இரண்டும் முதலாளியின் பொறுப்பு. மருத்துவமனை விடுப்பில் முதல் 60 நாள் முழுச் சம்பளம், அதற்குப் பிறகு ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்பதை முதல் நாளே மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள்.

எலும்பு ஒட்டப் பெரும்பாலும் மூன்று மாதம் ஆகும். அந்த வாக்கில் பிரேஸும் கைத்தடியும் போய்விடும், எம்ஆர்டி ரயிலில் தனியாகப் போய்வரலாம். ஆனால் தொடை வலிமை திரும்ப ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடமும் ஆகலாம். படி இறங்கும்போதும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் முன்முழங்காலில் வலி அதன் பிறகும் பலருக்கு இருக்கும். தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு திட்டு மரத்தே போயிருக்கும். சிறு தோல் நரம்பு அறுபடுவதால் வருவது அது, பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, புண்ணிலிருந்து நீர் கசிந்து காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். "டக்" என்று ஒரு சத்தம் கேட்டு, அதுவரை தூக்கிய காலைத் தூக்க முடியாமல் போனால், கம்பி விட்டிருக்கலாம். அன்றும் காத்திருக்க வேண்டாம்.

61 வயதில், நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு உடைந்தால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதும் நியாயமே. அடுத்த முறை விழும்போது உடைவது இடுப்பாக இருந்தால் கதையே வேறு.

சம்மணத்துக்கு வருவோம். நாற்காலியில் உட்கார்ந்து எழ 100 டிகிரி மடங்கினால் போதும், சம்மணம் போட 130 டிகிரிக்கு மேல் வேண்டும். அம்மாவுக்கு அது திரும்பி வரலாம், வராமலும் போகலாம். நான் பார்த்தவர்களில் ஆறு மாதம் விடாமல் பயிற்சி செய்தவர்கள் பலர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் எழுவதற்கு ஒரு கை உதவி தேவைப்பட்டது. கோவிலில் நாற்காலி கேட்பதில் அம்மாவுக்குக் கூச்சம் இருக்கும். முதல் வருடம் அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். சம்மணத்தைவிட மண்டியிட்டுக் கும்பிடுவதுதான் கடினம், கம்பியின் முடிச்சு தோலுக்கு நேர் கீழே இருப்பதால் தரையில் பட்டதும் குத்தும்.

கம்பியை எடுக்கணுமா என்ற கேள்விக்கும் அந்தக் குத்தல்தான் பதில். தொந்தரவு இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க உள்ளேயே கிடக்கட்டும், விமான நிலையச் சோதனையில் கருவி கத்தினால் தழும்பைக் காட்டினால் போதும். குத்தினாலோ, தோலுக்கு அடியில் முனை துருத்தினாலோ எடுத்துவிடலாம். இது மிகச் சாதாரணமாக நடப்பது, முதல் அறுவை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. எலும்பு முழுதாக ஒட்டிவிட்டது என்று எக்ஸ்ரேயில் உறுதியான பிறகே செய்வார்கள், பெரும்பாலும் ஒரு வருடமாவது போன பிறகு. பெரும்பாலானவர்கள் அன்றைக்கே வீடு திரும்பி, பிரேஸ் இல்லாமலே நடந்துவிடுவார்கள்.